நடு வட்டத்தில் நீண்ட கை

ஊரில் எல்லாரும் அண்ணன் முறையில் 'காக்கா' என்கிற சாய்ந்தமருது சீனிமுகம்மதைப் பற்றிக் கல்முனையில் யாரிடம் கேட்டாலும் முதலில் "தங்கமான மனிசன்" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "ஆனா அவர்ட ஓட்டோவில ஏறினா நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது" என்பார்கள். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அவருடைய இடது கை.

சந்தியிலோ ஒழுங்கை வாயிலிலோ பள்ளிவாசல் முன்னாலோ யாராவது காத்து நின்றால் காக்கா ஓட்டோவை நிறுத்திவிடுவார். கியரை நியூற்றலில் விட்டு, இடது கையை வெளியே நீட்டி, "வாங்க, வாங்க" என்று உள்ளங்கையால் கூப்பிடுவார். மௌலவிமார், பள்ளிக்கூட ஆசிரியைகள், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம், கைப்பிள்ளையோடு நிற்கும் தாய் என்று ஒருவரையும் விடமாட்டார். ஒருநாள் ஒரு கிடாய் ஆட்டுக்கும் கை காட்டினார். அது போகாமல் நின்று எங்களையே பார்த்தது. "யோசிக்குது மகள், அவசரப்படுத்தப்படாது" என்றார். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அன்றைக்கு நான் வேலைக்கு இருபது நிமிடம் பிந்தினேன்.

என் வேலை வாகனம் எண்ணுவது. சிரிக்க வேண்டாம், பட்டம் முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்தவளுக்கு அதுவே பெரிய காரியம். கல்முனைப் பிரதான வீதியில் புதிதாகப் போட்ட மூன்று சுற்றுவட்டங்களைப் பற்றி ஒரு பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது. நடு வட்டத்தின் ஓரத்தில், ஒரு மருந்துக்கடை நிழலில், பிளாஸ்டிக் கதிரை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். கையில் தாள். பஸ்ஸுக்கு ஒரு கோடு, ஓட்டோவுக்கு ஒரு கோடு, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கோடு. எங்கள் வீட்டிலிருந்து காலையில் என்னைக் கொண்டுபோய் விடுவது சீனிமுகம்மதுக் காக்கா. அவருடைய ஓட்டோத் தரிப்பிடமும் அதே நடு வட்டத்துக்குப் பக்கத்தில்தான்.

மூன்று வட்டமும் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தன. முதலாவது ஆஸ்பத்திரிச் சந்தி, நடுவில் கடைத்தெரு, மூன்றாவது சம்மாந்துறைக்குப் பிரிகிற சந்தி. வட்டம் வருவதற்கு முன்பு அந்தச் சந்திகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று உயிராவது போகும். வட்டம் வந்த பிறகு அடிபட்டார்கள், சிராய்த்துக்கொண்டார்கள், நடுரோட்டில் சண்டை பிடித்தார்கள், ஆனால் ஒருவரும் சாகவில்லை. முதலாவது வட்டத்துக்காக வேகத்தைக் குறைத்தவனுக்கு, திரும்ப வேகம் பிடிக்க இடம் கிடைக்குமுன் அடுத்த வட்டம் வந்துவிடும். மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டதில் இருந்த பெரிய நன்மை அது.

கெட்டதும் அதிலேயே இருந்தது. வட்டம் மூன்றென்றாலும் நோய் ஒன்றுதான். நெல் வெட்டுக் காலத்தில் மூன்றாவது வட்டத்தில் ஒரு உழவு இயந்திரம் மூச்சு வாங்கி நின்றால், அதன் பின்னால் வாகனங்கள் வால் பிடிக்கும். அந்த வால் நீண்டு நடு வட்டத்தின் வாசலை அடைக்கும். நடு வட்டத்தில் சுற்றுகிறவர்கள் வெளியே போக முடியாமல் நிற்பார்கள். பிறகு ஆஸ்பத்திரிச் சந்தியும் இறுகும். ஆகவே என் தாளில் வாகனக் கோடுகளோடு இன்னொரு கட்டமும் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மூன்றாவது வட்டத்தின் வால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அதில் எழுத வேண்டும்.

வட்டத்துச் சட்டம் மிகவும் சின்னது. வலது பக்கம் பார், அங்கிருந்து சுற்றி வருகிறவருக்கு வழி விடு, வெறுமையானால் உள்ளே போ, உள்ளே போனால் நிற்காதே. இதில் கடைசிச் சொல்தான் எங்கள் ஊருக்கு ஒத்துவரவில்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சுற்றிக்கொண்டு போகும்போது வாசலில் மாமனார் நிற்கிறார், படிப்பித்த ஆசிரியை நிற்கிறா, பார்த்தும் பாராததுபோல் எப்படிப் போவது? நிறுத்துவார்கள், கை காட்டுவார்கள். அவர் "இல்ல இல்ல, நீங்க போங்க" என்பார். இவர் "நீங்க வாங்க" என்பார். இந்த உபசாரம் முடிவதற்குள் பின்னால் பதினைந்து வாகனம் சேர்ந்துவிடும். இதில் எல்லாரையும் விடப் பெரிய குற்றவாளி சீனிமுகம்மதுக் காக்காதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"காக்கா, வட்டத்துக்குள்ள இருக்கிற ஆளுக்குத்தான் உரிமை. நீங்க உள்ள நிண்டு வழி விடப்படாது."

"உரிமை எனக்குத்தான் எண்டு சொல்றயள்?"

"ஓம்."

"என்ட உரிமைய நான் இன்னொராளுக்குக் குடுக்கலாம்தானே மகள்?"

படித்தவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு, அதனால் அன்று முழுக்க எரிச்சலோடு கோடு போட்டேன்.

அந்தக் கைக்கு ஒரு கதை இருந்தது. அதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி சபூறா. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று காக்கா தன் தாயைத் தண்ணீரிலிருந்து தூக்கி ஓட்டோவில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். வீதி முழுக்க வாகனம். எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களோடு முந்தப் பார்த்ததில் ஒருவராலும் அசைய முடியவில்லை. ஆஸ்பத்திரி மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஓட்டோவின் பின் ஆசனத்தில், அந்தத் தாய் மவுத்தாகிப்போனா. காக்கா இதைப் பற்றி யாரிடமும் கதைப்பதில்லை. சபூறாவிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாராம்: "வழி விட்டிருந்தா உம்மா பொழைச்சிருப்பா எண்டு நான் சொல்லல்ல. ஆனா விட்டிருக்கலாம்." அதைக் கேட்ட பிறகு, பிந்திப்போகிற நாட்களிலும் நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தொரு வருடம் ஓட்டுகிறார். ஒரு கீறல் இல்லை, ஒரு வழக்கு இல்லை. ஊரில் இரண்டு பேருக்குள் பிணக்கு வந்தால், "காக்கா என்ன சொல்றார்?" என்று கேட்கிற அளவுக்கு அவர் சொல்லுக்கு விலை இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. நான் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தகரம் அடிபட்டதுபோல் ஒரு சத்தம், உடனே ஒரு பெண்ணின் கூச்சல். நிமிர்ந்து பார்த்தால் நடு வட்டத்தில் நிறநிறமாகக் கைத்தறிச் சேலைகள் விரிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு ஸ்கூட்டி சரிந்து கிடந்தது, பக்கத்தில் சேலை கொண்டுவருகிற றினோஸா காலைப் பிடித்தபடி கிடந்தாள். சற்றுத் தள்ளி ஒரு மோட்டார் சைக்கிள், உடைந்த மீன் பெட்டி, ரோட்டு முழுக்கக் கீரி மீனும் ஐஸ் துண்டும். மீன்காரன் தர்மிகன் முழங்கையில் இரத்தம் வழிய எழுந்து நின்று, "நான் காணல்ல, நான் காணல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் பின்னால், வட்டத்துக்குள், சீனிமுகம்மதுக் காக்காவின் ஓட்டோ நின்றது. அதில் ஒன்றும் பட்டிருக்கவில்லை.

றினோஸா மருதமுனையில் தறி நெய்கிறவள். நெய்த சேலைகளையும் சாரங்களையும் ஸ்கூட்டியில் கட்டிக் கல்முனைக் கடைகளுக்குக் கொண்டுவருவாள். தர்மிகன் கல்முனைக் கடற்கரையில் மீன் எடுத்து, பெட்டியைப் பின்னால் கட்டி, ஹோன் அடித்துக்கொண்டு நற்பிட்டிமுனை வரைக்கும் விற்கிறவன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நடந்ததைப் பொலிஸ் இப்படி எழுதியது: ஓட்டோ வட்டத்துக்குள் நின்றது. றினோஸா இடது பக்க வாசலால் உள்ளே வந்தாள். நின்ற ஓட்டோவை வலது பக்கத்தால் முந்திக்கொண்டு வந்த தர்மிகன் அவளை மோதினான். அவளுடைய காலெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

"நீங்க ஏன் நிண்ட காக்கா?" என்று பொலிஸ் சார்ஜன் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"முன்னுக்கு நெருக்கம் சேர். போக ஏலாம நிண்டன்" என்றார் காக்கா.

அந்தப் பதிலில் யாரும் எதையும் காணவில்லை. வெட்டுக் காலம், மூன்றாவது வட்டத்தின் வால் தினமும் வருகிறது, ஓட்டோக்கள் தினமும் நிற்கின்றன. சார்ஜன் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் றினோஸாவைக் கேட்டபோது, "எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல" என்றாளாம். தர்மிகனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிட்டார்கள், வழக்குப் போட்டார்கள். இரண்டு வருடத்துக்காவது அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்று ஊரில் கதைத்தார்கள். மீனை வெயில் ஏறுமுன் விற்க வேண்டிய ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் தொழில் இல்லை. போதாததற்கு, ஆளின் பெயரைக் கேட்டே குற்றத்தைத் தீர்மானிக்கிறவர்கள் முஸ்லிம்களான எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், தமிழர்களான அவன் பக்கத்திலும் இருக்கிறார்கள். "அவன் வேணுமெண்டுதான் அடிச்சிருப்பான்" என்று தரிப்பிடத்திலேயே ஒருவன் சொன்னான். காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று பின்னேரம் தாள்களைக் கூட்டும்போதுதான் அதைக் கண்டேன். எட்டு நாற்பதுக்கான கட்டத்தில், என் கையெழுத்தில், வால்: பூச்சியம். அதற்கு முந்தின கட்டத்திலும் பூச்சியம். மூன்றாவது வட்டம் அந்த நேரத்தில் திறந்து கிடந்தது. முன்னுக்கு நெருக்கம் இல்லை. காக்கா நெருக்கத்தால் நிற்கவில்லை.

அவர் ஏன் நின்றார் என்பது எனக்கு உடனே விளங்கியது. யாருக்குத்தான் விளங்காது! அந்தக் கையை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அவள் வாசலில் நின்றிருப்பாள், இவர் நிறுத்திக் கையை நீட்டியிருப்பார், அவள் உள்ளே வந்திருப்பாள். நின்ற ஓட்டோவின் மறைப்பில் வலது பக்கம் வருகிறவன் அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் அவள் தெரியவில்லை. நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். பொலிசுக்கும் போகவில்லை, காக்காவிடமும் கேட்கவில்லை. தங்கமான மனிசனை எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காக்கா ஒன்பது நாள் ஓட்டோ எடுக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் நடு வட்டத்தால் கால் மணித்தியாலத்துக்கு முப்பது வாகனம் கூடுதலாகப் போயின. இதை நான் அவரிடம் ஒருகாலமும் சொல்லப்போவதில்லை.

ஒருநாள் பார்க்கப் போனேன். சபூறா என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனா.

"மீன் வேணாமாம்" என்றா. ஏதோ பெரிய நோயைச் சொல்கிற குரல் அது. "அண்டையில இருந்து மீன வாயில வைக்கல்ல. பருப்பும் சோறும்தான். இந்த வீட்டுக்கு நான் வந்து முப்பது வருசம், மீன் இல்லாம அவர் ஒரு நாள் திண்டதில்ல. என்ன செஞ்சிட்டு மகள் இவருக்கு?"

எனக்குத் தெரிந்திருந்தும், அவ தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அவர் திரும்பி வந்தார். முன்போலவே என்னைக் காலையில் ஏற்றினார். றினோஸாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும் அவர்தான், சபூறா கொடுக்கிற சூப்புப் போத்தலை மருதமுனைக்குக் கொண்டுபோவதும் அவர்தான். ஊர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அவரைப் புகழ்ந்தது. கை மட்டும் வெளியே வரவில்லை.

சித்திரை மாதம், வெயில் சுட்டெரித்த ஒரு காலை. நடு வட்டத்துக்குக் கிட்ட வந்தோம். உள்ளே, எங்களுக்கு வலது பக்கமிருந்து, ஒரு மிதி சைக்கிள் சுற்றி வந்துகொண்டிருந்தது. தர்மிகன். பின்னால் கயிற்றால் கட்டிய மீன் பெட்டி, நனைந்த சேர்ட், வாயெல்லாம் மூச்சு. அவன் உள்ளே இருந்தான், நாங்கள் வெளியே இருந்தோம், போக வேண்டியவன் அவன். காக்காவைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, கையை நீட்டினான்.

"நீங்க போங்க காக்கா."

காக்கா போனார். வட்டத்தைத் தாண்டி, மருந்துக்கடைக்கு முன்னால் ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"மகள், அண்டைக்கு எட்டு நாப்பதுக்கு உங்கட தாள்ல வால் இரிந்ததா?"

"இல்ல காக்கா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும்."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

அவரே பதில் சொன்னார்.

"நான் நல்ல மனிசன் எண்டா? அந்த நல்ல மனிசனாலதான் அவன் இந்த வெயில்ல சைக்கிள் மிதிக்கான்." கையால் முகத்தைத் துடைத்தார். "நீங்க ஒருக்கா சொன்னயள், வட்டத்துக்குள்ள இருக்கிற ஆளுக்குத்தான் உரிமை எண்டு. நான் என்ன சொன்னன்? என்ட உரிமைய நான் குடுக்கலாம்தானே எண்டன். அது என்ட இல்ல மகள். எனக்குப் பின்னால வந்தவன்ட உரிமையும் அதுல இரிந்தது, அவன்ட ஹக்கு. நான் அவன்ட ஹக்க எடுத்து றினோஸாக்குக் குடுத்து, ஊருக்கு முன்னால நல்ல பேர் வாங்கிட்டன். ஒருத்தன்ட ஹக்க எடுத்தா, அவன் மன்னிக்காம அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான். அவன் இப்ப எனக்குக் கை காட்டுறான். பாத்தயளா? எனக்கு!"

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வரும்படி சொன்னார். நான் அதைக் கைப்பையிலிருந்து அப்போதே எடுத்தேன். இரண்டு மாதமாக அது என்னோடுதான் திரிந்தது.

குற்றத்தை ஒப்புக்கொள்வது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைத்திருக்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் எங்களைக் கண்டதும் சார்ஜன் எழுந்து கதிரை போட்டார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். காக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் பேனையை மூடிவைத்தார்.

"காக்கா, உங்கட வண்டி பட்டதா?"

"இல்ல."

"மறுகா என்ன? வீட்ட போங்க. உங்களுக்கு மனசு சரியில்ல."

"நான் பொய் சொன்னன் சேர்."

"உங்களத் தெரியாதா எங்களுக்கு? போங்க காக்கா, போங்க."

ஊர் முழுக்க அவருக்கு வழி விட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளை விரித்து மேசையில் வைத்தேன். திகதி, நேரம், வால் பூச்சியம், என் கையொப்பம். இது என்ன கணக்கு என்று சார்ஜன் கேட்டார். மூன்று வட்டமும் ஒன்றையொன்று எப்படிப் பிடிக்கும், எப்போது விடும் என்று விளக்கினேன். அன்றைக்கு அந்த ஓட்டோ நிற்பதற்கு முன்னால் ஒரு காரணமும் இருக்கவில்லை என்றேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்கு வேலை வைக்கிறயள்" என்று முணுமுணுத்துக்கொண்டு பேனையைத் திறந்தார்.

அங்கிருந்து நேரே மருதமுனைக்குப் போனோம். றினோஸாவிடம் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அவள் தறிக்குப் பக்கத்தில், கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டியபடி இருந்தாள். தறியை மிதிக்க அந்தக் கால் வேண்டும், அதனால் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. காக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அவள் முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை.

"எனக்குத் தெரியும் காக்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க கை காட்டின. நான் அதப் பாத்துத்தான் வந்த. வலப்பக்கம் நான் பாக்கவே இல்ல. உங்கட கை எண்டா மறுகா பாக்கத் தேவையில்ல எண்டு நெனச்சன்."

காக்கா தன் இடது கையைப் பார்த்தார்.

"ஞாபகமில்ல எண்டு ஏன் புள்ள சொன்ன?"

"எங்கட வாப்பாவ மூணு வருசம் ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கின நீங்கதானே. உங்கள நான் எப்படிக் காட்டிக் குடுக்கிற?"

"அப்ப அவன?" என்று கேட்டார் காக்கா. "அவனக் காட்டிக் குடுத்தாப் பரவாயில்லயா?"

றினோஸா முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். நானும் அழுதேன். காக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் பொறுத்தாள், நான் பொறுத்தேன், மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு நல்லவர்களாக இருந்தோம். அந்த மூன்று பேரின் கண்ணிலும் படாமல் சுற்றி வந்தவன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

வழக்கு நாளில் றினோஸா ஊன்றுகோலோடு வந்து சொன்னாள். காக்காவும் சொன்னார். வட்டத்துக்குள் காரணமில்லாமல் நிறுத்தியதற்கும் முதலில் பொய் சொன்னதற்கும் அவருக்குத் தண்டமும் கடுமையான ஏச்சும் கிடைத்தன. வட்டத்துக்குள் முந்தியதற்கு தர்மிகனுக்கும் ஒரு சின்னத் தண்டம். அவனுடைய அனுமதிப்பத்திரம் திரும்பி வந்தது. ஊரில் சிலர், காக்காவுக்கு வயது போய்விட்டது, யாரோ அவரை ஏமாற்றிச் சொல்லவைத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வெளியே மரத்தடியில் காக்கா தர்மிகனிடம் போனார்.

"தம்பி, உங்கட ஹக்க நான் எடுத்துட்டன். மன்னிச்சிக்கங்க."

அவன் உடனே மன்னித்துக் கட்டிப்பிடித்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் அப்படிச் செய்யவில்லை.

"பத்துக் கிழமை காக்கா" என்றான். "பத்துக் கிழமை, ரெண்டரை மாசம், சைக்கிள் மிதிச்சன். ஓட்டோ சும்மா நிண்டது எண்டு நான் சொன்னத ஒரு மனிசன் நம்பல்ல. நீங்க நெருக்கம் எண்டயள், ஊரே ஓம் எண்டிச்சு. என்ட பொஞ்சாதி கூட, 'காக்கா பொய் சொல்லமாட்டாரே' எண்டு என்னக் கேட்டாள்." திரும்பி நடந்து போய்விட்டான். காக்கா அவன் மறையும் வரைக்கும் அங்கேயே நின்றார். அவனுக்கு அந்தக் கோபம் தேவை என்று நான் நினைத்தேன். அதை அவனிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது.

காக்கா தரிப்பிடத்துக்குப் போய், அங்கே இருந்த பதினொரு ஓட்டோக்காரரையும் கூட்டி, வட்டத்துக்குள் இனி ஒருவரும் நிற்கக் கூடாது, கை காட்டக் கூடாது என்றார். மாமனார் நின்றாலும்தானா என்று ஒருவன் பகிடி விட்டான். "மாமனார் நிண்டாத்தான் முக்கியமா நிக்கப்படாது. அவருக்கு உன்னில நம்பிக்கை கூட, பாக்காம வந்திருவார்" என்றார்.

ஆவணி மாதம். என் வேலை முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. காலையில் நடு வட்டத்துக்குள் நுழைந்தபோது, இடது பக்க வாசலில் ஒரு ஸ்கூட்டி நின்றது. அதில் கட்டிய சேலைப் பொதிகளைப் பார்த்ததுமே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கால் ஆறி அவள் வீதிக்கு வந்த முதல் நாள். அவளும் எங்களைக் கண்டாள். கண்டதும், பழக்கத்தில், அவள் கண் காக்காவின் இடது கையைத் தேடியது.

அந்தக் கை ஹேண்டிலில் இருந்தது. விரல்கள் ஒருமுறை எழுந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். உடனே மறுபடி இறுகிப் பிடித்துக்கொண்டன. காக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. வாய்க்குள் ஸலாம் சொன்னார், அது அவளுக்குக் கேட்டிருக்காது. அவளைத் தெரியாதவர்போல் அவள் முன்னாலேயே சுற்றிக்கொண்டு போனார். அவருடைய பிடரி வியர்த்து நனைந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் மீன்காரனின் ஹோன் சத்தம் கேட்டது.

தரிப்பிடத்தில் ஓட்டோவை நிறுத்தினார். இரண்டு கையும் ஹேண்டிலிலேயே இருந்தன. கண்ணாடியில் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

"வந்துட்டாளா?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் வாசலில்தான் நின்றாள். தலையை வலது பக்கம் திருப்பியிருந்தாள். தர்மிகன் மீன் பெட்டியோடு அவளுக்கு முன்னால் சுற்றிப் போனான். அவனுக்குப் பின்னால் ஒரு வான். அது போன பிறகு மறுபடி வலது பக்கம் பார்த்தாள். வட்டம் வெறுமையாக இருந்தது. அதன் பிறகு உள்ளே வந்தாள்.

"வந்துட்டா காக்கா."

"பாத்துட்டா வந்தாள்?"

"ஓம் காக்கா. ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் வந்தா."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தார்.